ஜெனோவாவின் கைராசி

தூத்துக்குடியில் ஜெனோவா அளவுக்குத் தண்ணீர் குடித்த அரசு ஊழியர் வேறு யாரும் இருக்க முடியாது. தாகத்தால் குடித்திருந்தால் பரவாயில்லை, சட்டம் அவளைக் குடிக்க வைத்தது. ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையைத் தெளிநீர் என்ற தனியார் நிறுவனத்திடம் தூக்கிக் கொடுத்தபோது, அதைக் கண்காணிக்க அரசு ஒரு நீர் ஒழுங்காணையத்தையும் ஏற்படுத்தியது. அதன் விதிகளை எழுதியவர் யாரோ வெள்ளை மனசுக்காரர். கருவியை மட்டும் நம்பக் கூடாது என்று நினைத்து, ஆய்வாளர் ஒவ்வொரு தெருவிலும் ஒரு குழாயைத் திறந்து, நாலு பேர் பார்க்க ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்த பிறகே சான்று தர வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வரியின் புண்ணியத்தில் மூத்த ஆய்வாளர் ஜெனோவா மாலையில் வீடு திரும்பும்போது வயிறு குடம் போலக் குலுங்கும். ஆனால் வாய்க்குக் குறையில்லை. எந்தத் தெருவில் குடித்தாலும் தண்ணீர் தேனாக இனித்தது. அவள் கையில் ஆணையம் கொடுத்த ஒரு கடிகாரம் இருந்தது. குழாயின் மீட்டருக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் கடிகாரமும் மீட்டரும் தமக்குள் பேசி, தண்ணீரின் தரத்தைக் குறித்துக்கொண்டு, பச்சை முத்திரை போட்டுவிடும். அவள் கை பட்ட இடமெல்லாம் பச்சைதான். இவ்வளவு யோக்கியமான ஒரு நிறுவனத்தைக் கண்காணிக்கத் தன்னைப் போல ஒருத்தி எதற்கு என்றுகூட அவளுக்குச் சில நாள் தோன்றியதுண்டு.

சங்குகூடத் தெருவில்தான் அந்தப் பேச்சு முதலில் கிளம்பியது. அங்கே பரோட்டாக் கடை வைத்திருந்த கெவின் அண்ணாச்சி புது வீடு கட்டியிருந்தார். (கெவின், ரோஷன் எல்லாம் அப்போது கிழவர்களின் பெயர்கள். பிள்ளைகளுக்கு மறுபடியும் முத்து என்றும் மாடன் என்றும் வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.) அதே தெருவில் அதற்கு முன் நடந்த பால்காய்ப்புகளில் எல்லாம் பால் திரிந்து போயிருந்தது. கெவின் வீட்டுப் பால்காய்ப்பு அன்று ஜெனோவா தற்செயலாக அந்தப் பக்கம் ஆய்வுக்குப் போனாள். அவள் வாசலில் கால் வைத்த நேரம், பால் பொங்கி அடுப்பையே நனைத்துவிட்டது.

"மேடத்துக்கு என்ன கைராசின்னு பாத்தியளா!" என்று கெவின் தெருவுக்கே கேட்கும்படி கூவினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஜெனோவாவுக்கு அழைப்பு வராத விசேஷம் இல்லை. சடங்கு வீடு, நிச்சயதார்த்தம், கடைத் திறப்பு எதுவானாலும் முதல் ஆளாக அவள் வர வேண்டும். சமையல்காரர் வனராஜ் அவள் தலையைக் காணாமல் உலையே வைப்பதில்லை. இதில் அதிகம் மகிழ்ந்தவர் அவள் கணவர் ரெக்ஸ். ஓய்வு பெற்ற துறைமுக ஊழியர். மனைவியின் கைராசியால் தனக்கு வாரம் தவறாமல் பந்தி கிடைக்கிறது என்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

ஷெரினா என்ற பெண் மட்டும் விருந்துக்கு அழைக்க வரவில்லை. சங்குகூடத் தெருவில் வாடகைக்கு இருந்தவள். ஒருநாள் ஆய்வு முடிந்து ஜெனோவா கிளம்பும்போது, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வழியை மறித்தாள். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் சொறி சிவந்து கிடந்தது.

"யக்கா, நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கு மட்டுந்தான் இந்தத் தண்ணியில பிள்ளையக் குளிப்பாட்ட முடியுது. அன்னைக்கு மட்டுந்தான் அழாமத் தூங்குது. நீங்க தெரு தாண்டுனதும் குழாயில உப்பு வருது."

"என்னம்மா சொல்லுத? போன மாசமும் இதே குழாயிலதான குடிச்சேன்."

"நீங்க குடிச்சது எனக்குந் தெரியும். அடுத்த அரை மணி நேரத்துல நீங்க குடிச்சுப் பாத்தியளா?"

ஜெனோவாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷம் வயிறு வீங்கக் குடித்தவளிடம் வந்து நாக்கைச் சந்தேகப்படுகிறாளே என்று. குழந்தையின் முதுகைப் பார்த்ததும் அந்தக் கோபம் நிற்கவில்லை.

ஷெரினா குழந்தைக்கு ஞானஸ்நானம் வைத்த ஞாயிற்றுக்கிழமை விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. விடுமுறை நாள்தானே என்று, மணிக்கட்டை அரித்துக்கொண்டிருந்த கடிகாரத்தைக் குளிர்பெட்டி மேல் கழற்றி வைத்துவிட்டு ஜெனோவா முன்னாடியே போய்விட்டாள். அவள் தலையைப் பார்த்த வனராஜ் நம்பிக்கையோடு உலை வைத்தார். கொஞ்ச நேரத்தில் அகப்பையோடு வெளியே ஓடி வந்தார்.

"போச்சு! அத்தனையும் உப்பு! பிரியாணி கருவாட்டுக் குழம்பாப் போச்சு!"

பந்தலில் இருந்த எல்லாக் கண்களும் ஜெனோவா பக்கம் திரும்பின. கெவின் அண்ணாச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். "யாரு கண்ணு பட்டுச்சோ, மேடத்துக்குக் கைராசி எறங்கிட்டு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மெதுவாகச் சொல்வதாக அவருக்கு நினைப்பு. ஜெனோவாவுக்கு முகம் சுண்டிப் போனது. குழாயடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் பிடித்துக் குடித்தாள். கடலில் தவறி விழுந்தவள் போலத் துப்பினாள்.

அந்த நேரம் பார்த்து ரெக்ஸ் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அவர் பந்தலுக்குள் நுழைந்ததும் குழாயில் தண்ணீர் பளிங்காக மாறியது. வனராஜ் குடித்துப் பார்த்துவிட்டு, "இனிக்கி! இனிக்கி!" என்று குதித்தார். கைராசி மனைவியிடமிருந்து கணவருக்கு மாறிவிட்டது என்று கெவின் தீர்ப்புச் சொன்னார். யாரோ ரெக்ஸின் கழுத்தில் மாலையே போட்டுவிட்டார்கள். ரெக்ஸ் கும்பிட்டபடி நின்றார்.

"ஏங்க, சட்டைப் பையில என்ன?" என்று கேட்டாள் ஜெனோவா.

"உன் கடிகாரந்தான். மறந்து வச்சிட்டு வந்துட்டியே, ஆபீஸ்ல திட்டுவாவளோன்னு எடுத்துட்டு வந்தேன்."

ஜெனோவா அவரைத் தெருமுனை வரை நடந்துவிட்டு வரச் சொன்னாள். அவர் போனதும் குழாயில் உப்பு. திரும்பி வந்ததும் இனிப்பு. மறுபடியும் போகச் சொன்னாள், வரச் சொன்னாள். மாலையும் கழுத்துமாக ரெக்ஸ் வெயிலில் நடைபோட, தெருவே வாய் பிளந்து பார்த்தது. "பந்திக்கு முன்னாடி இதென்ன வேண்டுதலாட்டி?" என்று அவர் கேட்டார். ஜெனோவாவுக்குத் தான் போட்ட பச்சை முத்திரைகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மறுநாள் காலையில் அவள் தெளிநீர் நிறுவனத்தில் பொறியாளர் தருண்பிரசாத் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நல்ல பையன். பொய் சொல்லத் தெரியாததால் அவனை யாரும் பேச அனுப்பாமல் ஒரு மூலை அறையில் வைத்திருந்தார்கள்.

"ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் ரெண்டு குழாய் வருது மேடம்" என்றான் அவன். "ஒண்ணுல கடல்தண்ணியைச் சுத்தம் பண்ணின நல்ல தண்ணி. இன்னொண்ணு அவசரத்துக்கு, ஆழ்குழாய்த் தண்ணி கலந்தது. எந்த வீட்டுக்கு எதைத் திறக்கணும்னு அருவிதான் முடிவு பண்ணும். அருவின்னா எங்க கம்ப்யூட்டர்."

"நான் நிக்கிற எடத்துல நல்ல தண்ணியத் திறன்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

"யாரும் சொல்லலை மேடம், சத்தியமா. நாங்க அதுக்கிட்டச் சொன்னது ரெண்டே விஷயம். செலவைக் குறைக்கணும், அபராதம் வாங்கக் கூடாது. மத்ததை அதுவே கத்துக்கிச்சு. கடிகாரம் கட்டினவங்க வந்தா அபராதம் வரும்னு கண்டுபிடிச்சிருச்சு."

"நான் எங்க நிக்கேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

தருண்பிரசாத் சங்கடமாக நெளிந்தான். "கடிகாரம் இருக்கிற இடத்தை உங்க ஆணையமே அனுப்புது மேடம். ஆய்வாளர் வர்ற நேரம் தெரிஞ்சாத்தான் இளநி வெட்டி வைக்க முடியும்னு எங்க ஆளுங்க கேட்டு வாங்கினாங்க."

இத்தனை வருஷம் அவர்கள் வெட்டிக் கொடுத்த இளநீரெல்லாம் அவளுக்கு இப்போது உப்பாகக் கரித்தது. "அப்ப யார் மேல கேஸ் போட?"

"நாங்க செய்யலை, அதனால எங்க மேல போட முடியாது. மெஷின் மேல போடச் சட்டம் இல்லை" என்றான். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

ஆணையத் தலைவர் புவனேந்திரன் சென்னையிலிருந்து வந்தவர். பெரிய பதவிகள் எல்லாம் பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, அந்த ஓய்வைத் தொடர்வதற்காக இந்தப் பதவிக்கு வந்திருந்தார். கடிகாரம் மட்டும் கட்ட மாட்டார். கட்டினால் அலுவலக நேரத்தில் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும் அல்லவா?

ஜெனோவா ஒரு பாட்டிலில் பிடித்து வந்த உப்புத் தண்ணீரை அவர் மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"இதுக்கு முத்திரை எங்கம்மா?"

"கடிகாரத்தோட போனா நல்ல தண்ணி வருது ஐயா. கடிகாரம் இல்லாமப் போனாத்தான் இது வருது. முத்திரை எப்படிப் போட?"

"அப்போ இது செல்லாது. கடிகாரம் இல்லாம குடிச்ச தண்ணி, சட்டப்படி தண்ணியே இல்லம்மா" என்றார் அவர், பிள்ளைக்குப் பாடம் சொல்கிறவர் போல. "திருவிழா முடிஞ்சதும் உரிமம் புதுப்பிக்கிற விசாரணை வருது. அடுத்த இருபது வருஷத்துக்கு. உங்க பச்சை முத்திரையைத்தான் முதல் சாட்சியா வைக்கப் போறோம். பெருமைப்படுங்க."

ஜெனோவா பாட்டிலை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஊர் இன்னும் இருபது வருஷம் உப்புத் தண்ணீர் குடிக்கப் போகிறது, அதுவும் அவள் கையால். ஷெரினாவின் குழந்தைக்குக் கல்யாண வயதே வந்துவிடும்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு கூட்டம். கைராசியின் ரகசியம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் யாருக்கும் நிறுவனத்தின் மேல் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஜெனோவா வேண்டும், அவ்வளவே.

"மேடம், எங்க தெருவுல மாடி போர்ஷன் காலியா இருக்கு. வாடகையே வேண்டாம்" என்றார் கெவின். "மூணு நேரமும் பரோட்டா நம்ம கடையில."

அடுத்த தெருக்காரர் அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "அவங்க வருஷத்துல பாதி எங்க தெருவுல இருக்கட்டும். அதான நியாயம்?"

"மேடம் வராட்டா அண்ணாச்சியையாவது கடிகாரத்தோட ராத்திரி படுத்துக்க அனுப்புங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ரெக்ஸ் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார். ஜெனோவாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் என்ன தண்ணி லாரியா? தெருத்தெருவா நிறுத்தி வைக்கியளே! உங்களுக்குக் கேக்க வேண்டிய எடம் தெரியாதா?"

"கேட்டுட்டுத்தான இருக்கோம்" என்றாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஷெரினா. "புகார் கொடுத்தா நீங்க வருவிய. வந்தா தண்ணி நல்லாயிரும். பொய்ப் புகார்னு எழுதிட்டுப் போயிருவிய. எம் புகாரையே ரெண்டு தடவை அப்படி எழுதியிருக்கிய யக்கா."

ஜெனோவாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ரொம்ப நேரம் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றும் அறியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தச் சனியன் ஊருக்கு ஒண்ணு ரெண்டுன்னு இருக்கதுதான் வினை" என்று ரெக்ஸ் அலுத்துக்கொண்டார். "ஆளுக்கு ஒண்ணு இருந்தா உன்னைய எதுக்குத் தேடப் போறானுவ?"

சொன்னவர் மீன் குழம்பைச் சூடு பண்ணப் போய்விட்டார். ஜெனோவா உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தாள்.

ஆணையத்தின் கிடங்கில் கடிகாரங்கள் கொட்டிக் கிடந்தன. ஊருக்கு ஏழெட்டு ஆய்வாளர்தான் என்றாலும், யாருடைய மைத்துனரோ கடிகாரம் செய்கிறார் என்பதால் ஊரில் உள்ள வீடுகளின் எண்ணிக்கைக்கே வாங்கிப் போட்டிருந்தார்கள். பெட்டி பிரிக்காமல் எலி படுத்திருந்தது. இன்னொரு விதியும் அவளுக்கு ஞாபகம் வந்தது. பனிமய மாதா திருவிழாவுக்குத் தேர் பார்க்க வெளியூர் சனம் குவியும்போது, தண்ணீரைக் கவனிக்க மூத்த ஆய்வாளர் ஊர்க்காரர்களைத் தற்காலிகப் பார்வையாளர்களாக நியமித்துக் கடிகாரம் கொடுக்கலாம். திருவிழா முடிந்தது என்று ஆணையம் கூடி அறிவிக்கும் வரை அந்த நியமனம் செல்லும். ஆணையம் கூடுவதற்கு ஐந்து உறுப்பினர்கள் வேண்டும். அதில் மூன்று இடத்துக்கு ஆள் போட அரசு மறந்து வெகு காலம் ஆகியிருந்தது.

கொடியேற்றத்தன்று சங்குகூடத் தெரு முனையில் ஒரு மேசையைப் போட்டு ஜெனோவா கடிகாரம் கொடுக்க உட்கார்ந்தாள். முதல் கடிகாரத்தை ஷெரினாவின் கையில் தானே கட்டிவிட்டாள். ஷெரினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் என்ன செய்யணும் யக்கா?"

"ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். இதக் கட்டிக்கிட்டு வீட்டுல இரி. பிள்ளையக் குளிப்பாட்டு."

அதற்குப் பிறகு ஊரில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. பரோட்டா மாஸ்டர் கடிகாரக் கையோடு மாவு வீசினார். கெவின் அண்ணாச்சி இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு, சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்றார். ஒருத்தர் தன் வீட்டுக்கு ஒன்றும் ஆட்டுக்கு ஒன்றும் கேட்டு வாங்கிப் போக, ஆடு போன இடமெல்லாம் நல்ல தண்ணீர் வந்தது. பாவம் அருவி, திரும்பிய பக்கமெல்லாம் ஆய்வாளர்களைக் கண்டு மிரண்டுபோனது. அபராதத்துக்குப் பயந்து வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டது. பாதித் தூக்கத்தில் இருந்த கடல்தண்ணீர் ஆலை முழு மூச்சில் ஓட ஆரம்பித்தது. அந்த உறுமல் கடற்கரை வரை கேட்டது.

தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. வெளியூர் சனம் கலைந்தது. திருவிழா முடிந்தது என்று அறிவிக்க மட்டும் யாரும் இல்லை.

உரிம விசாரணைக்கு ஆணையத்தின் பெரிய கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அறிவிப்பு வெளியிடத்தான் ஐந்து பேர் வேண்டும், விசாரணைக்குத் தலைவர் ஒருவர் போதும். கூடத்துக்குள் ஆய்வாளர்கள் கடிகாரத்தோடு வரக் கூடாது, பேசுவது பதிவாகிவிடும் என்று தலைவர் முன்பே உத்தரவு போட்டிருந்ததால், ஜெனோவா தன்னுடையதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். தெளிநீர் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். தருண்பிரசாத் கடைசியில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். புவனேந்திரன் தொண்டையைக் கனைத்தார்.

"தெளிநீர் நிறுவனத்தின் சேவை குறித்து நமது மூத்த ஆய்வாளர் வழங்கிய நற்சான்றுகள்..." என்று ஆரம்பித்தவர், மேசையிலிருந்த டம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. கண் பிதுங்கியது. விழுங்கவும் முடியவில்லை, அத்தனை பேர் முன்னால் துப்பவும் முடியவில்லை. கடைசியில் கைக்குட்டைக்குள் துப்பினார்.

"என்ன தண்ணிடா இது! யாரு வச்சது?"

"குழாய்த் தண்ணிதான் ஐயா" என்றார் கடைநிலை ஊழியர். "ரெண்டு நாளா இப்படித்தான் வருது. உங்க பங்களாவுலயும் இதே கதைன்னு அம்மா போன் பண்ணாங்க."

எல்லோரும் திரும்பிப் பார்க்க, தருண்பிரசாத் எழுந்து நின்றான். "செலவைக் குறைக்கிறதை அருவி விடலை சார். கடிகாரம் இல்லாத இடமாத் தேடுது. ஊருக்குள்ள இப்ப அப்படி ரெண்டு மூணு இடம்தான் மிச்சம். இந்த ஆபீசு, உங்க பங்களா, அப்புறம் எங்க குவார்ட்டர்ஸ்."

புவனேந்திரன் டம்ளரை ஜெனோவா பக்கம் நீட்டினார். "இதைக் குறிச்சுக்கங்கம்மா. உடனே அபராதம் போடுங்க!"

ஜெனோவா எழுந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஷெரினாவின் பிள்ளையை நினைத்ததும் அதை அடக்கிக்கொண்டாள்.

"இதுக்கு முத்திரை எங்க ஐயா? கடிகாரம் இல்லாமக் குடிச்ச தண்ணி, சட்டப்படி தண்ணியே இல்லன்னு நீங்கதான சொன்னிய?"

முன்வரிசையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. கடைசியில் தலைவர், உரிமத்தைப் பற்றி இன்னும் ஆழமாக யோசிக்க வேண்டியிருப்பதால் விசாரணை தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஜெனோவா வீட்டு வாசலில் ஆணையத்தின் கார் வந்து நின்றது. புவனேந்திரன் மனைவியோடு இறங்கினார். அவர் சட்டைக் காலரைச் சுற்றிச் சொறிந்துகொண்டிருந்தார், கழுத்து சிவந்திருந்தது. அந்த அம்மாள் கையில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டு. தட்டின் நடுவில் ஒரு அழைப்பிதழ். ரெக்ஸ் பதறிப் போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பொண்ணு இங்கயே, பங்களா பக்கத்துல வீடு கட்டியிருக்கா. ஞாயித்துக்கிழமை பால்காய்ப்பு" என்றார் புவனேந்திரன். ஊரில் யாரிடமும் அவர் இவ்வளவு பணிவாகப் பேசிக் கேட்டதில்லை. "உங்களுக்கு ரொம்பக் கைராசின்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்கதாம்மா முதல் ஆளா வந்து நிக்கணும்."

ஜெனோவா இரண்டு கைகளாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். தட்டில் இருந்த குங்குமச் சிமிழிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அந்த அம்மாளின் நெற்றியில் வைத்துவிட்டாள். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று, குழாயைத் திறந்து ஆளுக்கு ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் கொடுத்தாள். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள்.

"கண்டிப்பா வாரேன் ஐயா. மொத ஆளா வாரேன்" என்றாள். "கடிகாரத்த மட்டும் வீட்டுல கழத்தி வச்சிட்டு வருவேன்."